மூச்சுக்காக மதுரைக்கா?

வைரஸ் கிருமியால் உண்டாகும் கடுமையான நிமோனியாவில் நோயாளியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மருந்தல்ல, காலம். கிருமியோடு தேகம் போராடி வெல்வதற்கு ஐந்து நாளோ பத்து நாளோ வேண்டும். அத்தனை நாளும் அவன் மூச்சு நில்லாமல் ஓடவேண்டும். அதற்கு உதவி செய்வதே வைத்தியத்தின் முதல் கடமை. தொண்டைக்குள் குழாயைச் செலுத்தாமல், முகமூடியின் மூலமோ நாசிக் குழலின் மூலமோ சுவாசத்துக்குப் பக்கபலம் கொடுக்கும் முறையொன்று இப்போது நன்கு பரீட்சிக்கப்பட்டு நிலைபெற்றிருக்கிறது. அந்த உதவி ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், இரவு இரண்டு மணிக்கு வந்து சேரும் ஏழைத் தொழிலாளிக்கும் நிச்சயமாகக் கிடைக்க வேண்டும் என்பது நமது கட்சி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். கொள்ளைநோய் ஓய்ந்தபின் அதன் பாடத்தை மறந்துவிடுவது நம் தேசத்தின் பழைய வழக்கமாக இருப்பதே அதற்குக் காரணம்.

2021-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபைக்குப் பொதுத் தேர்தல் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் காங்கிரஸ் அபேட்சகராக நின்ற ஸ்ரீ பி.எஸ்.டபிள்யூ. மாதவராவ், பிரசாரம் நடக்கும்போதே கொரோனா நோய் கண்டு படுக்கையில் விழுந்தார். நோய் நுரையீரலைப் பற்றிக்கொண்டது. வாக்குப் பதிவு முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 11-ஆம் தேதி, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். வாக்குகள் எண்ணப்பட்டது மே 2-ஆம் தேதி. அதைக் காண அவர் இல்லை. அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையைப் பற்றி நாம் இங்கு ஆராய முற்படவில்லை. அது நமது வேலையுமன்று. ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியின் அபேட்சகர் சிகிச்சை பெற்றது மதுரையில். கட்சியும் சுற்றத்தாரும் உள்ள ஒருவர் நிலைமை இதுவானால், அவருக்கு வாக்களிக்க வரிசையில் நின்ற நூற்பாலைத் தொழிலாளிக்கும், பால் கறந்து விற்கும் குடியானவனுக்கும், தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்வரும் பெண்ணுக்கும் அதே நோய் வந்தால் என்ன கதி? இக்கேள்வியை எந்தக் கட்சியும் தேர்தல் மேடையில் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

விஷயம் விளங்குவதற்கு நோயின் போக்கைச் சிறிது சொல்லவேண்டும். நமது இரு நுரையீரல்களிலும் சேர்த்துச் சுமார் 30 கோடி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. பிராணவாயு ரத்தத்தில் கலப்பது அங்கேதான். வைரஸ் நிமோனியாவில் இவ்வறைகள் வீங்கி நீர் கோத்துப் பல சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. நோயாளி வேகமாக மூச்சு வாங்குகிறான். ஆனால் வாங்கிய மூச்சு ரத்தத்தில் சேருவதில்லை. கொரோனாவில் இன்னொரு வஞ்சகமும் இருந்தது. ரத்தத்தில் பிராணவாயு மிகக் குறைந்த பின்பும் சிலர் திணறலின்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் மட்டுமே அபாயத்தைக் காட்டிக்கொடுத்தது.

இந்நிலையில் சிகிச்சை மூன்று படிகளாக அமைகிறது. முதற்படி, சாதாரண முகமூடியின் வழியாகப் பிராணவாயு கொடுப்பது. இதில் ஒரு குறை உண்டு. மூச்சுத் திணறும் மனிதன் நிமிஷத்துக்கு 30 லிட்டர், 40 லிட்டர், அதற்கு மேலும் காற்றை வேகமாக உறிஞ்சுகிறான். நாம் 5 அல்லது 6 லிட்டர் கொடுத்தால் மீதியை அறைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறான்; கொடுத்த பிராணவாயு அதில் கரைந்து நீர்த்துப் போகிறது. கடைசிப் படி வென்டிலேட்டர். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, தொண்டை வழியாகச் சுவாசக் குழாயில் ஒரு குழலைச் செலுத்தி, மூச்சு முழுவதையும் யந்திரத்திடம் ஒப்படைப்பது. தேவைப்படுகிறவனுக்கு அது உயிர் கொடுக்கும் வரம். ஆனால் மயக்க மருந்து, தசைத் தளர்ச்சி, குழாயின் வழியே புதிய கிருமிகள் என்று அதன் பின்னே வரும் தொல்லைகளும் பல. பழகிய நிபுணர்கள் இன்றி அதைத் தொடவும் முடியாது.

இவ்விரண்டுக்கும் இடையிலே இருக்கிற நடுப்படியைப் பற்றியதே நமது பேச்சு. அதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, ஹை ஃப்ளோ நேஸல் கானுலா. வெப்பமும் ஈரமும் ஊட்டிய பிராணவாயுக் கலவையை நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரையில் நாசித் துவாரங்களில் செலுத்துவது. நோயாளி இழுக்கும் வேகத்துக்கு ஈடாகக் கொடுப்பதால் வாயு நீர்த்துப்போவதில்லை. மற்றது சி-பாப், பை-பாப் என்று வழங்கும் முறை. முகத்தில் இறுக்கமாக மூடியைப் பொருத்தியோ, தலையைச் சுற்றிக் கண்ணாடிக் குடம்போல் ஒரு கவசத்தை மாட்டியோ, காற்றுக்கு இடைவிடாமல் சிறிது அழுத்தம் கொடுப்பது. நீரின் உயரத்தால் அளந்தால் அந்த அழுத்தம் பெரும்பாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர்தான். அந்தச் சிறு அழுத்தம், ஒட்டிக்கொள்ள இருக்கும் காற்றறைகளைத் திறந்தபடி தாங்கிப் பிடிக்கிறது. நோயாளி விழித்திருக்கிறான், பேசுகிறான், இடையிடையே கஞ்சி குடிக்கிறான், மூச்சு அவனுடையதாகவே இருக்கிறது.

2020-ஆம் வருஷத் தொடக்கத்தில் இந்த நடுப்படியைப் பல நாட்டு வைத்தியர்கள் தாண்டிச் செல்ல நினைத்தார்கள். முகமூடியிலிருந்து கசியும் காற்று நோயைப் பரப்பும் என்ற பயம். காலதாமதம் ஆபத்தாகும் என்ற எண்ணம். ஆகவே சீக்கிரமாகவே குழாயைச் செலுத்திவிடுவது நல்லதென்று சொல்லப்பட்டது. ஆனால் நோயாளிகள் வெள்ளம்போல் வந்தார்கள், வென்டிலேட்டர்கள் போதவில்லை. இத்தாலியில் பிரெஷியா நகரத்து இஸின்னோவா என்ற சிறு கம்பெனியார் கடலில் நீந்துவோர் அணியும் முகமூடியையே சி-பாப் மூடியாக மாற்றிக் கொடுத்தார்கள். லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜ் பொறியியலாரும் மெர்ஸிடிஸ் பந்தயக் கார் பொறியியலாரும் சேர்ந்து, பழைய சி-பாப் கருவி ஒன்றைப் பிரித்துப் பார்த்து 100 மணி நேரத்துக்குள் புதிதாக ஒன்று செய்தார்கள். பிரிட்டிஷ் பொதுவைத்திய இலாகாவுக்கு 10,000 கருவிகள் கொடுத்தார்கள். அதன் வரைபடத்தை உலகத்துக்கு இலவசமாகவும் வெளியிட்டார்கள். நிர்ப்பந்தத்தால் எடுத்த ஆயுதம் நல்ல ஆயுதமென்று நாளடைவில் தெரியலாயிற்று.

இது வெறும் நம்பிக்கையாக நிற்கவில்லை, முறையாகச் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் 1,273 கொரோனா நோயாளிகளிடம் நடத்திய பரீட்சையின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. சாதாரணமாகப் பிராணவாயு பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 44 பேருக்கு 30 நாளுக்குள் குழாய் செலுத்த நேர்ந்தது, அல்லது மரணம் சம்பவித்தது. சி-பாப் பெற்றவர்களில் அத்தொகை சுமார் 36. அதே பரீட்சையில் ஹை ஃப்ளோ முறைக்குச் சொல்லத்தக்க அனுகூலம் காணப்படவில்லை. ஆனால் கொலம்பியா தேசத்தில் 2021-ல் வெளியான பரீட்சையில், ஹை ஃப்ளோ பெற்றவர்களில் குழாய் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 34. சாதாரண முறையில் 51. இவ்விரண்டு முறைகளில் எது மேல் என்ற வாதம் நிபுணர்களிடையே தீர்ந்துவிடவில்லை. அவ்வாதத்தைத் தீர்ப்பது பத்திரிகையின் வேலையல்ல. உடனே குழாய் தேவைப்படாத கடுமையான நோயாளிகளுக்குச் சாதாரணப் பிராணவாயுவைவிட இம்முறைகளில் ஒன்றைக் கையாளலாமென்று உலக சுகாதார ஸ்தாபனமே 2022-ல் அபிப்பிராயம் சொல்லிவிட்டது. பொதுஜனங்களுக்கு அது போதும்.

இனி இதிலுள்ள சிக்கலைப் பார்ப்போம். கருவியை வாங்கி வைத்துவிட்டால் காரியம் முடிந்ததென்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். நமது ஆஸ்பத்திரிகளில் உள்ள பெரிய ஸிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். சாதாரண முகமூடியில் நிமிஷத்துக்கு 5 லிட்டர் வீதம் கொடுத்தால் அது ஏறக்குறைய ஒரு நாள் வரும். ஹை ஃப்ளோ கருவியில் முழுப் பிராணவாயுவை 60 லிட்டர் வீதம் கொடுத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. ஒரே நோயாளிக்கு ஒரு நாளில் 12 ஸிலிண்டர்களுக்கு மேல் வேண்டும்; பத்துப் பேருக்கு 120-க்கு மேல். அறைக் காற்றைத் தானே உறிஞ்சி அதில் பிராணவாயுவைக் கலக்கும் சி-பாப் கருவியில் 15 லிட்டர் வீதம் செலவழித்தால் ஒரு நாளுக்கு மூன்று ஸிலிண்டர்கள் போதும். ஆகவே எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விக்கு விடை கருவி விற்பவனிடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்புறத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

திரவப் பிராணவாயு ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். மேற்சொன்ன பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் திரவம் தேவை. காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்தெடுக்கும் பி.எஸ்.ஏ. நிலையங்கள், நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் கொடுக்குமானால், முழு வேகத்தில் 16 படுக்கைகளைத் தாங்கும். ஆனால் அவை மின்சாரத்தால் ஓடுபவை. மின்சாரம் நின்றாலும், உள்ளேயுள்ள சல்லடைப் பொருளில் ஈரம் ஏறிவிட்டாலும், பழுது பார்ப்பவன் வர ஒரு வாரமானாலும், நிலையம் வெறும் இரும்புக் கொட்டகையே. பிரதம மந்திரி நிதியிலிருந்து நாடு முழுவதும் இப்படி 1,200-க்கு மேற்பட்ட நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. திறப்பு விழாக்களின் படங்களை எல்லோரும் பார்த்தோம். அவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன என்பதுதான் பிரஜைகள் கேட்க வேண்டிய கேள்வி.

2021-ஆம் வருஷத்தின் ஏப்ரல், மே மாதங்களில் நம் நாடு கண்ட காட்சிகளை மறப்பதற்கில்லை. நாசிக் நகர ஆஸ்பத்திரியில் ஏப்ரல் 21-ஆம் தேதி பிராணவாயுத் தொட்டி கசிந்து 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மே மாதத் தொடக்கத்தில் கர்நாடகத்துச் சாமராஜநகரில் 24 பேர் மடிந்தனர். மே 4-ஆம் தேதி இரவு நமது செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பத்துக்கு மேற்பட்டவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பிராணவாயுவின் அழுத்தம் குறைந்ததே காரணமென்று உறவினர்கள் சொன்னார்கள், பற்றாக்குறை இல்லையென்று அதிகாரிகள் மறுத்தார்கள். ஸுப்ரீம் கோர்ட்டின் அநுமதியின்மேல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் பிராணவாயு உற்பத்தி மட்டும் தொடங்கியது. மகேந்திரகிரியில் ராக்கெட்டுகளுக்காக வைத்திருந்த திரவப் பிராணவாயு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. வடக்கிலிருந்து ரயில் வண்டிகள் பிராணவாயுவைச் சுமந்து வந்தன. இவ்வளவும் ஆனபின், பிராணவாயு இல்லாமையால் இறந்ததாக மாகாணங்களிலிருந்து குறிப்பாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் ராஜ்ய சபையில் மத்திய சர்க்கார் பதில் சொல்லிற்று. காகிதத்தில் இல்லாத மரணம் மரணமே அல்ல என்பது உத்தியோக நியாயம் போலும்! கணக்கில் எழுதாதவன் கடனாளியில்லை என்று எந்த வட்டிக்கடைக்காரனும் ஒப்புவதில்லை. சர்க்கார் மட்டும் ஒப்புகிறது.

இவையெல்லாம் பணக்கார தேசங்களின் காரியம், நமக்குக் கட்டுப்படியாகாது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் டாக்கா நகரத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் முகம்மது ஜுபாயர் சிஸ்டி என்பவர், நிமோனியாவால் திணறும் குழந்தைகளுக்கு ஷாம்பு புட்டியையும் குழாயையும் கொண்டே சி-பாப் அமைத்தார். நோயாளி வெளிவிடும் காற்றுக் குழாயின் நுனியைப் புட்டியிலுள்ள நீருக்குள் சில சென்டிமீட்டர் அமிழ்த்தி வைத்தால் போதும். அந்த நீரின் ஆழமே அழுத்தம். குமிழிகள் வருகிறவரையில் சிகிச்சை நடக்கிறதென்று அறியலாம். 225 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-ல் வெளிவந்தது. சாதாரணப் பிராணவாயு பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 15 இறந்தன. குமிழி முறையில் நூற்றுக்கு 4 மட்டுமே. வறுமை நிறைந்த ஒரு தேசத்தின் வைத்தியர் செய்து காட்டிய இக்காரியத்தைவிடச் சிறந்த சுதேசி வைத்தியம் நமக்குத் தெரியவில்லை.

ஆனால் இதே கதைக்கு இன்னொரு பாகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது வாசகர்களை ஏமாற்றுவதாகும். ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்து ஸலிமா ஜில்லா ஆஸ்பத்திரியில் இதே குமிழி முறையை 600-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பரீட்சித்தார்கள். எய்ட்ஸ் கிருமியாலோ ஊட்டக்குறைவாலோ ஏற்கெனவே நலிந்த குழந்தைகளும், பிராணவாயு மிகக் குறைந்த குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 2019-ல் முடிவு வெளியாயிற்று. குமிழி முறையில் நூற்றுக்கு 17 குழந்தைகள் இறந்தன. சாதாரண முறையில் 11. உயிர் காக்கும் என்று வந்த முறையில் மரணம் அதிகம்! டாக்கா ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அருகிலிருந்து கவனித்தார்கள்; மலாவியில் அன்றாடச் சிகிச்சை டாக்டர்கள் கையில் இல்லை. இந்த வேறுபாடே முக்கிய காரணங்களில் ஒன்றென நிபுணர்கள் கருதுகிறார்கள். டாக்காவையும் ஸலிமாவையும் சேர்த்துப் படிப்பவனுக்கே இவ்விஷயத்தின் உண்மை புலப்படும்.

நமது ஜில்லாவுக்கு இதனால் ஏற்படும் பாடம் என்ன? சுவாச உதவிக் கருவி என்பது பாதிதான். அதைக் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் டாக்டரும் மறு பாதி. நடுப்படியில் இருக்கும் நோயாளியில் சிலருக்கு அது போதாமற் போகும். அவர்களை அடையாளம் கண்டு காலத்தில் வென்டிலேட்டருக்கு அனுப்பாமல் முகமூடியிலேயே வைத்திருந்தால் அதுவே யமனாகும். அதை அறிவதற்கு மாயமந்திரம் தேவையில்லை. நோயாளியின் பிராணவாயு அளவு நூற்றுக்கு 92. கொடுக்கும் கலவையில் பிராணவாயு நூற்றுக்கு 60. அவன் நிமிஷத்துக்கு வாங்கும் மூச்சு 30. இதில் 92-ஐ 0.6-ஆல் வகுத்து, வந்ததை 30-ஆல் வகுத்தால் 5.1 கிடைக்கும். ஹை ஃப்ளோ கருவியில் 12 மணி நேரம் கழிந்தபின் இந்த எண் 4.88-க்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் குழாய் தேவைப்படாது. குறைந்துகொண்டே போனால் எச்சரிக்கை. காகிதமும் பென்ஸிலும் கொண்டு எந்த நர்ஸும் போடக்கூடிய கணக்கு. ஆனால் ஒரு வார்டு முழுவதையும் ஒருத்தியே பார்க்கும் இரவில் அந்தக் கணக்கைப் போடுவது யார்?

கொள்ளைநோய்க் காலத்தில் ஒப்பந்த முறையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட 2,000-க்கு மேற்பட்ட நர்ஸுகளின் வேலை 2022 டிசம்பர் 31-ஆம் தேதிக்குமேல் நீட்டிக்கப்படவில்லை. மாற்று வேலை கொடுப்பதாகப் பின்னர் சொல்லப்பட்டது. பிராணத்துக்குத் துணிந்து கொரோனா வார்டில் நின்றவர்கள் தெருவில் நின்று முறையிட நேர்ந்ததை நாம் கண்டிக்கிறோம். அவர்களுக்கு இழைத்த அநீதி ஒருபுறமிருக்க, அவர்கள் கையில் இருந்த அநுபவத்தைச் சர்க்கார் வீணாக்கியதாகவும் ஆயிற்று. யந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிற கணக்கர்கள், கற்ற கை கலைந்துபோவதற்கும் ஒரு நஷ்டக் கணக்கு எழுதக் கற்கவேண்டும்.

இனி இவ்விரு ஊர்களின் நிலையைக் கவனிப்போம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மதுரையோ ராஜபாளையத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். விருதுநகரில் 2022 ஜனவரி 12-ஆம் தேதி சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய அநுகூலமே; அதுவும் 50 கிலோமீட்டருக்கு அப்பால்தான். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வருபவனுக்கு இத்தூரம் இன்னும் கூடும். நிமிஷத்துக்கு 15 லிட்டர் பிராணவாயு தேவைப்படும் நோயாளியை ஏற்றிக்கொண்டு 1,500 லிட்டர் கொண்ட சிறு ஸிலிண்டரோடு மதுரைக்குப் புறப்பட்டால், அது 100 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ரஸ்தாவில் ஒரு லாரி குறுக்கே நின்றாலும், மதுரை வாசலில் படுக்கை இல்லையென்று அரை மணி காக்க வைத்தாலும், மனிதன் வண்டியிலேயே திணறுவான். இந்தக் கணக்கின்படி நோயாளியை அனுப்புமுன் அவனை நிலைப்படுத்துவதற்காவது உள்ளூரில் நடுப்படி அவசியம். பலருக்கு அதோடு காரியம் முடிந்து மதுரைப் பிரயாணமே தேவையில்லாமலும் போகும்.

சிறிய ஆஸ்பத்திரிகளில் இம்முறையை வைத்தால், அனுப்பவேண்டியவர்களை அனுப்பாமல் தாமதிப்பார்கள் என்றொரு ஆட்சேபம் கிளப்பப்படுகிறது. மலாவி அநுபவத்தைப் படித்தபின் அந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆயினும் அதற்குப் பரிகாரம் கருவியை மறுப்பதல்ல. எந்த எண்ணில், எந்த மணியில், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்ற விதியை முன்கூட்டி எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பதும், விருதுநகர்க் கல்லூரி நிபுணர் ஒருவர் இரவும் பகலும் டெலிபோனில் கிடைப்பதுமே பரிகாரம். கத்தி கையை வெட்டும் என்பதற்காக யாரும் சமையலை நிறுத்துவதில்லை.

பணமில்லை என்ற பதிலைச் சர்க்கார் சொல்லக்கூடும். அப்பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லையென்று ஸுப்ரீம் கோர்ட் 1996-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயம்பட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகள் படுக்கை இல்லையென்றும் வசதி இல்லையென்றும் திருப்பி அனுப்பின. அவ்வழக்கில், அவசரச் சிகிச்சை தக்க சமயத்தில் அளிக்கத் தவறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து அளிக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதிக் குறைவைச் சாக்குச் சொல்லி ராஜாங்கம் அக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் கோர்ட் கூறியது. உயிர் வாழும் உரிமை என்பதில் மூச்சு விடும் உரிமை அடங்கவில்லையென்று வாதிக்கும் வக்கீலை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். முதலாவதாக, இரு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் சி-பாப், பை-பாப் கருவிகள் சிலவேனும் எப்போதும் வேலை செய்யும் நிலையில் இருக்கவேண்டும். பிராணவாயுவின் இருப்பைக் கணக்கிட்ட பின்னரே ஹை ஃப்ளோ கருவிகளின் எண்ணிக்கையை நிர்ணயிக்கவேண்டும். இரண்டாவதாக, பிராணவாயு நிலையமும், திரவத் தொட்டியும், ஸிலிண்டரும் ஒன்று தவறினால் ஒன்று கைகொடுக்கும்படி அமையவேண்டும். நிலையத்துக்கு ஜெனரேட்டர் இணைப்பும் மாதந்தோறும் தூய்மைப் பரிசோதனையும் கட்டாயம். மூன்றாவதாக, ஒவ்வொரு இரவு முறையிலும் இக்கருவிகளில் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸாவது இருக்கவேண்டும். வருஷத்துக்கு இருமுறை விருதுநகரில் மறுபயிற்சி அளிக்கவேண்டும். நான்காவதாக, நோயாளியை அனுப்பும் ஆம்புலன்ஸில் பிரயாணத்துக்கு வேண்டியதைப்போல் இரு மடங்கு பிராணவாயு இருக்கிறதா என்று புறப்படுமுன் எழுதிக் கையெழுத்திடவேண்டும். இவற்றில் ஒன்றுகூடச் சர்க்காரைப் போண்டியாக்கும் செலவல்ல.

சர்க்காரிடம் கேட்பதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. நமது வாசகர்களில் பொது ஊழியர்கள் பலர். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதி, சென்ற மாதத்தில் பிராணவாயு நிலையம் எத்தனை நாள் ஓடிற்று, கருவிகளில் எத்தனை பழுதாகிக் கிடக்கின்றன, இரவு முறையில் பயிற்சி பெற்றவர் யார் யார் என்று கேட்கட்டும். 30 நாளில் பதில் வந்தாகவேண்டும். வந்த பதிலைக் கட்சி பேதமின்றிச் சந்தையிலும் வாசகசாலையிலும் படித்துக் காட்டட்டும். சிலை திறக்கவும் கொடி ஏற்றவும் கூடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கூடினால், ஓடாத யந்திரம் தானே ஓடத் தொடங்கும்.

ராஜபாளையம் சாமான்யமான ஊரல்ல. சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த ஸ்ரீ பி.எஸ். குமாரசாமி ராஜாவைக் கொடுத்த ஊர். ஆலைத் தொழிலால் தென்பாண்டிச் சீமையில் பேரெடுத்த ஊர். அதன் அருகே சத்திரப்பட்டியில் தறிகள் நெய்யும் காயக்கட்டுத் துணி தேசத்தின் பல பாகங்களிலும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஊர் பெயரெல்லாம் தெரியாத நோயாளிகளின் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற அந்த நெசவாளிக்குத் தன் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு உதவி இல்லையென்றால் அதைவிட வெட்கக்கேடு வேறில்லை. ஆலை முதலாளிகளும் வர்த்தகர்களும் கொள்ளைநோய் வந்தபின் அவசரத்தில் ஸிலிண்டர் தேடி ஓடுவதைவிட, இப்போதே நர்ஸுகளின் பயிற்சிக்கும் கருவிகளின் பராமரிப்புக்கும் ஒரு நிரந்தர நிதி ஏற்படுத்துவது தர்மமும் ஆகும், புத்திசாலித்தனமும் ஆகும். பெயர்ப் பலகை மாட்டிய கட்டிடத்தைவிட, பலகையில்லாத பராமரிப்பு நிதி அதிகமான உயிர்களைக் காக்கும்.

1918-ஆம் வருஷத்து விஷ ஜுரத்தில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது நம்மை ஆண்டவர்கள் அன்னியர். நம் உயிர் அவர்களுக்குப் பொருட்டல்ல என்று சொல்லி ஆறுதல் அடைய இடமிருந்தது. 2020-லும் 2021-லும் அந்தச் சமாதானம் நமக்கில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சர்க்கார் கணக்கின்படியே 38,000-க்கு மேற்பட்டோரை அந்நோய் கொண்டுபோயிற்று. அடுத்த கிருமி எந்தப் பெயரில், எந்த வருஷத்தில் வருமென்று யாராலும் சொல்ல முடியாது. வரும் என்பது மட்டும் நிச்சயம். அநுமார் தூக்கிச் சென்ற மலையின் துண்டொன்று விழுந்து ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையாயிற்று என்று ஜனங்கள் சொல்லுவார்கள். அந்தப் பாக்கியம் ஒருமுறை வாய்த்தது போதும். இனி வானத்திலிருந்து மருந்து விழும் என்று காத்திராமல், விழித்திருக்கும் ஒரு நர்ஸையும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியையும் நிறைந்திருக்கும் ஒரு தொட்டியையும் இரு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் ஏற்படுத்துவது சர்க்காரின் கடமை. ஏற்படுத்தும்வரை ஓயாமல் கேட்பது நமது கடமை.